பாறைக்குழியில் நகரத்துக் குப்பையைக் கொட்டப் போகிறார்களாம், எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்னாகும்?

மேட்டாங்காடு எழுதியது:

வணக்கமுங்க. எங்கள் ஊர் நொய்யலுக்கு வடக்கே, பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஊருக்கு மேற்கே பழைய பாறைக்குழி ஒன்று இருக்கிறது. இருபது வருடம் ஜல்லிக்குக் கல் எடுத்தார்கள், குத்தகை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆழம் நூறு அடிக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் தண்ணீர் மாசி கடைசி வரைக்கும் நிற்கும். சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு அதுதான் ஊற்று என்று அப்பா சொல்வார். நானும் பார்த்திருக்கிறேன், குழி வற்றினால் பதினைந்து நாளில் எங்கள் கிணறும் அடிமட்டத்துக்குப் போய்விடும்.

போன வாரம் ஜீப்பில் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். பக்கத்து நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து இந்தக் குழியில் கொட்டி மூடப் போகிறார்களாம். "சும்மா கிடக்கிற பள்ளம்தானே, ஆடு மாடு விழுகிறது, போன வருடம் ஒரு பையன் குளிக்கப் போய்ச் செத்தான், மூடினால் உங்களுக்கும் நல்லதுதானே" என்கிறார்கள். அடியில் ஷீட் விரிப்பார்களாம், ஐந்து வருடத்தில் மேலே மண் போட்டு விளையாட்டு மைதானம் ஆக்கித் தருவார்களாம். ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மைதானம் என்றதும் பையன்கள் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள், ஏன் வேண்டாம் என்று கேட்டால் "நாறும்" என்பதைத் தவிர யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு மூன்று ஏக்கர் தென்னை, இரண்டு எருமை. வீட்டுக்குக் குடிக்கவும் புழங்கவும் அதே கிணறுதான். உண்மையிலேயே தண்ணீர் கெடுமா? ஷீட் போட்டால் தடுக்குமா? அப்புறம் ஒன்று, இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: எங்கள் ஊரில் வேண்டாம் என்று மறியல் செய்து திருப்பி அனுப்பினால் அந்த லாரி இன்னொரு ஊருக்குத்தான் போகும். அந்த ஊரிலும் என்னைப் போல ஒருத்தன் இருப்பான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


போத்தனூர் வாசகன் எழுதியது:

தம்பி, நான் வெள்ளலூர்க் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 650 ஏக்கர் இடம். கோயமுத்தூர் அவ்வளவு பேரின் வீட்டுக் குப்பையும் பல வருடங்களாக வந்து சேர்ந்தது அங்கேதான். நாற்றத்தைப் பற்றி உங்கள் பெரியவர்கள் சொல்வது சரி, ஆனால் நாற்றம் பழகிவிடும், அதுதான் கொடுமை. விருந்தாளி வந்து மூக்கைப் பொத்தும்போதுதான் நமக்கு ஞாபகமே வரும்.

பழகாதது புகை. ஒவ்வொரு கோடையிலும் எங்கேயாவது ஒரு மூலையில் பிடிக்கும். 2024 ஏப்ரலில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் வரிசையாகத் தண்ணீர் அடித்தும் மேலே அணையும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஈரக் குப்பை அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு வருகிறது, அதற்கு மேலே காய்ந்த பிளாஸ்டிக், துணி, தெர்மாகோல், வெயில் 40 டிகிரி. இது பற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வாரம் சன்னலை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் சொருகி உட்கார்ந்திருந்தோம். என் மாமியாருக்கு இளைப்பு உண்டு, அவரை மட்டும் பொள்ளாச்சியில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். எல்லாருக்கும் போக மச்சான் வீடு இருக்காதே.

கொச்சியில் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் எரிந்ததே, ஊரே பத்து நாளுக்கு மேல் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் பொக்லைன் வைத்துக் குப்பையைத் தோண்டித் தோண்டி உள்ளே தண்ணீர் விட்டுத்தான் அணைத்தார்கள். உங்கள் ஊரில் நூறடிக் குழிக்குள் பிடித்தால் பொக்லைன் எங்கே இறங்கும், அதைக் கேளுங்கள்.


திருச்செங்கோட்டு ரிக் எழுதியது:

நான் இருபத்தைந்து வருடமாக ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் இருக்கிறேன். குப்பையைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, பாறையைப் பற்றித் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

நம் கொங்குப் பக்கத்தில் மேல்மண் கொஞ்சம், அதற்குக் கீழே சுக்காம்பாறை கொஞ்சம், அப்புறம் எல்லாமே கருங்கல். கருங்கல்லுக்குள் தண்ணீர் கிடையாது, அதில் இருக்கிற வெடிப்புக்குள்தான் தண்ணீர். நாங்கள் கேப் என்போம். 300 அடியில் ஒரு கேப், 700 அடியில் ஒரு கேப், அதிர்ஷ்டம் இல்லாதவனுக்கு ஆயிரம் அடி போனாலும் புகைதான் வரும். இந்த வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று எந்த நீரோட்டம் பார்க்கிறவராலும் முழுதாகச் சொல்ல முடியாது. ஒரு தோட்டத்தில் நாங்கள் கம்ப்ரசர் காற்று அடிக்கும்போது இரண்டு காடு தள்ளியிருக்கிற பழைய போரில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அடியில் அப்படித் தொடுத்திருக்கிறது.

மண்ணாக இருந்தாலாவது அழுக்குத் தண்ணீர் மெதுவாக இறங்கும், கொஞ்சம் வடிகட்டும். வெடிப்பில் வடிகட்டல் எதுவும் கிடையாது, குழாயில் போவது மாதிரி போய்விடும். அதிலும் கல்குவாரி என்றால் வருடக்கணக்காக வெடி வைத்து உடைத்த இடம், இயற்கையாக இருந்த விரிசலோடு புது விரிசலும் சேர்ந்திருக்கும். கேசிங் பைப் போட்டிருக்கிறோமே என்று போர்க்காரர்கள் நினைக்கலாம். கேசிங் மேலே மண் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை வரைக்கும்தான். அதற்குக் கீழே வெறும் துளை, எந்த வெடிப்பிலிருந்து எது வந்தாலும் உள்ளே வரும்.

குழி வற்றினால் கிணறு வற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் அத்தாட்சி எதற்குங்க? நல்ல தண்ணீர் வருகிற அதே வழியில்தான் குப்பைத் தண்ணீரும் வரும்.


நிலவேம்பு எழுதியது:

மேட்டாங்காடு அண்ணா, நான் சிவில் படித்துவிட்டுப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிற வேலையில், அதாவது பயோ மைனிங்கில், ஆறு வருடம் இருந்தவள். இதில் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷீட். ஷீட் என்பது பொய்யில்லை, முறையாகச் செய்தால் உண்மையிலேயே தடுக்கும். ஆனால் தார்ப்பாய் மாதிரி விரிப்பது ஷீட் அல்ல. 2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் (இப்போது அவற்றுக்குப் பதிலாக 2026 விதிகள் வந்துவிட்டன) தெளிவாக எழுதியிருந்தது: 90 சென்டிமீட்டர் களிமண்ணைத் தண்ணீர் இறங்காத அளவுக்கு இறுக்கி, அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்.டி.பி.இ. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேலே குப்பையிலிருந்து வடிகிற சாறு வெளியேறக் குழாய், அந்தச் சாற்றைச் சுத்தம் செய்ய ஒரு நிலையம். நிலத்தடி நீர் மிக உயரமாக ஏறும் காலத்திலும் களிமண்ணுக்கு அடியில் இரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் குழியிலோ தண்ணீரே நிற்கிறது. குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இன்றைக்கே டேப் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குவாரியின் சுவர் செங்குத்தாக, கத்தி கத்தியாகக் கல் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் களிமண்ணை எப்படி அப்புவார்கள், விரிப்பை எப்படிக் கிழியாமல் ஒட்டுவார்கள்? வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், உள்ளே என்ன போகலாம் என்பது. மட்காத, மறுபடி பயன்படாத, எரிக்கவும் முடியாத மிச்சம் மட்டும்தான் அந்தக் குழிக்குப் போக வேண்டும் என்பதும் அதே விதிதான். நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி ஈரக் குப்பை. பிரிக்காமல் அள்ளி வருகிற லாரியைக் கண்டுபிடிக்க லேப் எல்லாம் தேவையில்லை, பின்னால் போய்ப் பாருங்கள், கறுப்பாக ஒழுகிக்கொண்டே வரும். ஒழுகுகிற லாரிக்கு அந்தக் குழியில் இடமே கிடையாது.

சாறு என்று சொன்னேன் இல்லையா, அது வெறும் நாற்றத் தண்ணீர் இல்லை. அழுகிய சோறும் காய்கறியும் புளித்து அமிலமாகி, பக்கத்தில் கிடக்கிற பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா எல்லாவற்றிலிருந்தும் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கும். நான் வேலை பார்த்த இடத்தில் இருபது வருடத்துக்கு முந்தைய குப்பையைத் தோண்டினோம். அதில் கிடந்த செய்தித்தாளை இன்னும் படிக்க முடிந்தது, பிளாஸ்டிக் பை நேற்றுக் கட்டியது போல முடிச்சோடு வந்தது. பையை அவிழ்த்தால் உள்ளே சோறு சோறாக இல்லை, கறுப்புக் கூழ். காற்றுப் பட்டிருந்தால் அது மூன்று மாதத்தில் எருவாகியிருக்க வேண்டியது. அன்றைக்கு மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

மைதானக் கதைக்கு வருகிறேன். குப்பை நிரப்பிய நிலம் அழுக அழுக வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், வாயு கக்கிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கில் ஃப்ரெஷ் கில்ஸ் என்று ஒரு கிடங்கு, 1948ல் தொடங்கி 2001ல் மூடினார்கள், 2,200 ஏக்கர். பூங்காவாக மாற்றும் வேலை மூடி இருபது வருடம் கழித்தும் முடியவில்லை. தென்கொரியத் தலைநகர் சியோலில் நான்ஜிடோ கிடங்கை 1993ல் மூடி 2002ல் பூங்கா ஆக்கினார்கள், உண்மைதான், ஆனால் சாறு ஆற்றுக்குப் போகாமல் சுற்றிலும் நிலத்துக்குள் சுவர் இறக்கி, கிணறு கிணறாகத் தோண்டி வாயுவை உறிஞ்சி எடுத்த பிறகு. ஐந்து வருடத்தில் மண் போட்டுக் கிரிக்கெட் ஆடுவது நடக்காது என்று பையன்களிடம் சொல்லுங்கள்.

மூடாமல் மேலே மேலே கொட்டிக்கொண்டே போனால் என்னாகும் என்பதற்கும் கண்முன் சாட்சி இருக்கிறது. டெல்லி காஜிப்பூரில் 1984ல் தொடங்கிய கிடங்கு 2002லேயே நிறைந்துவிட்டது. நிறுத்தவில்லை. 65 மீட்டர் வரைக்கும் ஏறியது, 2017 செப்டம்பரில் ஒரு பகுதி சரிந்து ரோட்டில் போனவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அதே வருடம் கொழும்பு மீதொட்டமுல்லயில் சரிந்தது ஏப்ரல் 14, நம் சித்திரை ஒன்று. புத்தாண்டுக்கு வீட்டில் இருந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் வீட்டோடு புதைந்தார்கள். எத்தியோப்பியாவில், மணிலாவில், இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நூற்றுக்கு மேல் ஆட்கள் செத்திருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் செத்தது குப்பை போட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் பக்கத்தில் குடிசை போட்டவர்களும் பொறுக்கிப் பிழைத்தவர்களும்தான்.

உலக வங்கி 2018ல் போட்ட கணக்குப்படி உலகத்து நகரக் குப்பை வருடத்துக்கு 201 கோடி டன், அதில் மூன்றில் ஒரு பங்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் கொட்டப்படுகிறது. 2050ல் 340 கோடி டன் ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுக்குப் பள்ளம் எங்கே இருக்கிறது அண்ணா?


கோவைக்காரன் எழுதியது:

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்றால் நகரத்துக் குப்பை வானத்துக்கா போகும்? நகரத்தில்தான் உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள், உங்கள் தேங்காயும் பாலும் அங்கேதான் விற்கிறது. உங்கள் ஊர்க் குப்பை எங்கே போகிறது என்று முதலில் சொல்லுங்கள். எங்கள் மாமனார் ஊரில் ஓடைக்கரையில் கொட்டி வாரம் ஒருமுறை தீ வைக்கிறார்கள், மறியலுக்கு முன்னால் நிற்பதும் அவர்களேதான். கோபப்படாதீர்கள், எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.


பனியன் கம்பெனி எழுதியது:

கோவைக்காரன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் திருப்பூரிலேயே பாறைக்குழியில் கொட்டுவதும் ஊர் ஊராக மறியலும் பல வருடமாக நடக்கிறது, பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தோன்றும்.

கட்டிங் டேபிளில் விழுகிற துணியை நாங்கள் யாரும் குப்பை என்று சொல்வதில்லை, வேஸ்ட் என்போம், அதற்கு விலை உண்டு. வெள்ளை தனி, கலர் தனி, லைக்ரா கலந்தது தனி. வெள்ளை வேஸ்ட்டில் ஒரு பிடி கலர் கலந்துவிட்டால் எடுக்க வருகிறவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து விலையைக் குறைத்துவிடுவார். அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்குக்கூட முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுவோம். அந்த வேஸ்ட் ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய்ப் பஞ்சாகி, மறுபடி நூலாகி வருகிறது. பெரிய இயந்திரம் ஏதும் இல்லாமல், கலக்காமல் வைப்பதால் மட்டுமே நடக்கிற காரியம் இது. அதே பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் மிச்சச் சோறு, தயிர் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வாசலில் வைக்கிறாள். அவளுக்குப் பிரிக்கத் தெரியாதா? தெரியும். இதைக் கலந்தால் யாருக்கும் ஒரு ரூபாயும் குறையவில்லை, அதுதான் காரணம்.

குறையும்படி செய்தால் ஜனம் மாறுகிறது. டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022ல் நீலகிரியில் கொண்டுவந்தார்கள், அப்புறம் கோவை வரைக்கும் வந்தது. காட்டில் உடைந்த பாட்டில் கிழித்து உழவோட்ட முடியாமல் தவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சியோலில் கிடங்கை மூடியதைப் பற்றி நிலவேம்பு அக்கா எழுதினார், அதோடு அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: 1995லிருந்து குப்பைக்குப் பை வாங்கித்தான் போட வேண்டும், அதிகம் போட்டால் அதிகக் காசு. 2005ல் சாப்பாட்டுக் கழிவை நேரடியாகப் புதைக்கவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.


ஆத்தா தோட்டம் எழுதியது:

கண்ணு, நான் கோபிப் பக்கம், வயது அறுபத்தெட்டு. பேத்தி டைப் பண்ணிக் கொடுக்கிறாள்.

நீங்கள் எல்லாரும் குப்பை குப்பை என்று எழுதுவதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கள் காலத்தில் குப்பை என்றால் எரு. தை, மாசியில் காட்டுக்குக் குப்பை அடித்தாயா என்று கேட்டால், வண்டியில் எரு ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினாயா என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் குப்பைக்குழி இருக்கும். சாணி, சாம்பல், வாசல் கூட்டியது, மாடு கழித்த தட்டு எல்லாம் அதில் விழும். யார் வீட்டுக் குழி பெரிதோ அவர்கள் வெள்ளாமை நன்றாக இருக்கும், பெண் கொடுக்க வருகிறவர்கள்கூடப் பார்ப்பார்கள். குழியில் ஒரு கண்ணாடித் துண்டு விழுந்தால் மாமனார் இறங்கிப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் மேலே வருவார். நாளைக்கு அந்த எருவில் வெறுங்காலோடு நடக்கப் போவது நாம்தானே.

கல்யாண மண்டபத்தில் முன்னெல்லாம் எச்சில் இலையை மாட்டுக்காரர்கள் வண்டி வைத்து அள்ளிப் போவார்கள். இப்போது இலைக்குள்ளேயே தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், கரண்டி எல்லாவற்றையும் வைத்து மூடிவிடுகிறார்கள், மாடு அதைத் தின்றால் வயிறு ஊதிச் செத்துப்போகிறது. போன ஆவணியில் என் பேரன் கல்யாணத்தில் நான் ஒரே பிடியாக நின்றுவிட்டேன், எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள், கழுவ நான் ஆள் தருகிறேன் என்று. சம்பந்தி வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் சரியாகிவிட்டது. இலை அத்தனையும் நம் தோட்டத்துக் குழிக்கு வந்தது.


மேட்டாங்காடு எழுதியது:

எல்லாருக்கும் கும்பிடுங்க. அம்மா எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

கோவைக்காரன் அண்ணா, நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது, கோபம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குப்பையும் சுடுகாட்டுப் பாதையில் கிடந்து எரிகிறது. நான் தினமும் அந்த வழியாகப் பால் கொண்டுபோகிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. நானூறு வீடு. ஈரக் குப்பையை மட்டும் தனியாக வாங்கினால் எருக்குழி போட எங்கள் பங்காளி ஒருவர் இடம் தருகிறேன் என்றார். மகளிர் குழுவில் பேசியிருக்கிறோம். டேப் பிடித்தும் பார்த்துவிட்டோம், குழி விளிம்பிலிருந்து பஞ்சாயத்துக் குடிநீர்க் கிணறு 130 மீட்டர்.

இனி என்ன செய்வது? மறியல் ஒன்றுதான் வழியா?


நிலவேம்பு எழுதியது:

130 மீட்டர் என்பதை எழுத்தில் வையுங்கள், சர்வே எண்ணோடு, படத்தோடு. மறியலுக்கு முன்னால் செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை. ஒரு லாரிகூட வருவதற்கு முன்னால் குழித் தண்ணீர், பஞ்சாயத்துக் கிணறு, சுற்றியுள்ள நான்கைந்து கிணறு, போர் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கட்டணம் உண்டு, ஊரில் பங்கு போட்டுக்கொள்ளலாம். உப்பு, குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, முடிந்தால் ஈயம், காட்மியம். வெள்ளலூராகட்டும் எந்த ஊராகட்டும், தண்ணீர் கெட்டுவிட்டது என்று பிற்பாடு சொல்லும்போது "முன்னாலும் இப்படித்தான் இருந்தது" என்று பதில் வரும். முன்னால் எப்படி இருந்தது என்ற தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, இதில் அடுத்து எது வருகிறதோ அதில் தீர்மானம் போடுங்கள். வெறுமனே "வேண்டாம்" என்று எழுதாமல், 200 மீட்டர் விதி, தண்ணீர் நிற்கிறது என்பது, பிரித்த குப்பையா பிரிக்காத குப்பையா என்ற கேள்வி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியின் நகல் வேண்டும் என்பது, இந்த நான்கையும் எழுதுங்கள். அதே தீர்மானத்தில் உங்கள் நானூறு வீட்டுக் குப்பையை நீங்களே பார்த்துக்கொள்ளப் போவதையும் சேருங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் சென்னையில் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, இந்தத் தாள்கள் எல்லாம் அங்கே தேவைப்படும்.

இன்னொரு ஊருக்குப் போய்விடுமே என்று கவலைப்பட்டீர்கள். பக்கத்தில் பாறைக்குழி இருக்கிற ஊர்கள் எவை எவை என்று எழுதி அவர்களையும் கூப்பிடுங்கள், எல்லா ஊரும் ஒரே தீர்மானத்தைப் போடட்டும், பிரிக்காத குப்பை நகரத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்று.


திருச்செங்கோட்டு ரிக் எழுதியது:

போர்த் தண்ணீர் மாதிரி எடுக்கும்போது மோட்டார் போட்டுக் கால்மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள், பைப்பில் தேங்கிய தண்ணீரைப் பிடித்தால் கணக்கு தப்பாக வரும். எந்தப் போர் எத்தனை அடி, கேப் எத்தனை அடியில் என்பதையும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். போர் போட்ட வண்டிக்காரரிடம் பழைய நோட்டில் அது இருக்கும், கேட்டால் தருவார்.